முன்பாரம், பின்பாரம்

வேக்சர்ஃபிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஏரியில் ஒரு மோட்டார் படகு நிதானமாகப் போகும். அதன் பின்னால் எழும்பி வருகிற அலையில், பலகை மேல் ஒருவர் நின்றபடி சறுக்கிக்கொண்டே வருவார். எழுந்து நிற்பதற்கு மட்டும் ஒரு சின்னக் கயிறு உண்டு. நின்று, அலை தள்ளத் தொடங்கியதும் அந்தக் கயிற்றைப் படகுக்குள்ளேயே எறிந்துவிடுவார். பிறகு அவரை யாரும் இழுப்பதில்லை, அலைதான் தள்ளுகிறது. அமெரிக்காவில் கோடை வந்தால் ஏரிக்கு ஏரி இதுதான். ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற கோவில்பட்டிச் சீமையில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். இதே சீமைப் பக்கம் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். மானாவாரி நிலத்துக்காரனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது. அதனால் தயங்காமல் விஷயத்துக்குப் போகலாம்.

இந்த விளையாட்டில் திறமை எல்லாம் பலகையில் நிற்பவரிடம் இருப்பதாகத்தான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாதித் திறமை, பாதிக்கு மேலேயே கூட, படகைத் தேர்ந்து அதைத் தயார் செய்வதில் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தத் தேர்விலும் ஒரு வரிசை உண்டு. முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும், அடுத்து பாரத்தை. படகின் பெயர், விலை, அதில் பொருத்தியிருக்கிற பாட்டுப்பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும், கரையும் சேர்ந்து போகிறது.

கப்பல் கட்டுகிறவர்கள் காலங்காலமாக எதற்குப் பாடுபட்டார்களோ, அதற்கு நேர் எதிரானது இந்தப் படகு. ஓடுகிற கப்பல் அலை எழுப்பினால் எஞ்சினின் சக்தி அந்த அலையோடு வீணாகப் போகிறது. அதைக் குறைக்கிற வழி தேடித்தான் வில்லியம் ஃப்ரூட் 1872-ல் இங்கிலாந்தின் டார்கீ நகரில் நீளமான தொட்டி ஒன்றைக் கட்டி, சிறிய மாதிரிக் கப்பல்களை இழுத்து இழுத்துச் சோதித்தார். வேக்சர்ஃபிங் படகோ அலையை எழுப்புவதற்கென்றே ஓடுகிறது. சாதாரண மோட்டார் படகு வேகம் கூடக்கூடத் தண்ணீரின் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு போகும். மெதுவாகப் போனால் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு அமைதியாகப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர். அந்த வேகத்தில் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும், பின்பகுதி அமுங்கும், தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முடியாமல் திணறும். மற்ற படகோட்டிகள் அவசரமாகத் தாண்டிப் போகிற வேகம் அது. இந்தப் படகு அங்கேயேதான் ஓட வேண்டும். மணிக்கு 18 கிலோமீட்டரில் ஓடும் படகின் பின்னால் வரும் அலைக்கு, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் ஏறக்குறைய 16 மீட்டர் இடைவெளி இருக்கும். கணக்குப்படி வேகம்தான் இந்த நீளத்தை முடிவு செய்கிறது. அலையின் உயரத்தை முடிவு செய்வது படகு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறது என்பது. அதனால்தான் பாரம் வேண்டியிருக்கிறது.

கப்பல்காரர்கள் அடிபாரம் என்பார்கள். சரக்கில்லாத பாய்க்கப்பல் காற்றில் கவிழாமல் இருக்க அடியில் கல்லோ மணலோ போடுவது பழைய வழக்கம். இங்கே அடிபாரமாக வைப்பது தண்ணீர். ஏரித் தண்ணீரையே பம்பு வைத்துத் தொட்டிகளிலும் பைகளிலும் நிரப்புகிறார்கள். ஒரு டன்னிலிருந்து இரண்டு டன் வரை ஏற்றுகிற படகுகள் இன்று சாதாரணம். எவ்வளவு ஏற்றுவது என்பது எளிய கேள்வி, படகு தாங்குகிற அளவைத் தயாரித்தவர்களே தகட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். எங்கே ஏற்றுவது என்பதில்தான் கைப்பக்குவம் தெரியும். பாரவண்டி கட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பருத்திப் பொதியை ஏற்றும்போது முன்பாரம் கூடிப்போனால் மாட்டின் கழுத்து அமுங்கும், பின்பாரம் கூடினால் மேக்கால் மேலே தூக்கி மாட்டுக்குக் கழுத்துக் கயிறு இறுகும். படகிலும் அதே கதைதான். பின்னால் மட்டும் பாரம் வைத்தால் அலை உயரமாக எழும்பும், ஆனால் தள்ளும் இடம் குறுகி, செங்குத்தாக இருக்கும், பலகை கொஞ்சம் பின்தங்கினாலும் அலை கைவிட்டுவிடும். அணியத்திலும், அதாவது படகின் முன்பகுதியிலும், கொஞ்சம் பாரம் வைத்தால் உயரம் சற்றுக் குறையும், அலை தள்ளும் இடம் நீண்டு பலமும் கூடும். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த நீண்ட அலைதான் தேவை. விளம்பரப் படங்களிலோ உயரமான அலையைத்தான் காட்டுகிறார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. படகின் இரு பக்கத்துத் தண்ணீரும் பின்னால் ஒன்றுசேரும் இடத்தில் நுரைத்துக் குழம்பும், அதில் யாரும் சறுக்க முடியாது. ஒரு பக்கத்து அலையாவது வழவழப்பாக வர வேண்டும். இடக்கால் முன்வைத்து நிற்பவர் வழக்கமாக இடப்பக்கத்து அலையிலும், வலக்கால் முன்வைப்பவர் வலப்பக்கத்து அலையிலும் சறுக்குவார். ஆரம்ப காலத்தில் அந்தப் பக்கத்தில் கூடுதலாகப் பாரம் வைத்துப் படகையே சாய்த்து ஓட்டினார்கள். ஆள் மாறினால் மறுபடி பையைக் காலி செய்து மறுபக்கம் நிரப்ப வேண்டும், பாதிப் பொழுது அதற்கே போய்விடும். 2012, 2013 வாக்கில் மாலிபு, நாட்டிக் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் வேறு வழி கண்டன. படகின் பின்பக்க ஓரத்தில் ஒரு தகடு வைத்து, ஒரு பக்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் விலக்கித் தாமதப்படுத்தினால், மறுபக்கத்து அலை குழம்பாமல் சுத்தமாக வருகிறது. படகு நேராகவே ஓடும். பொத்தானை அமுக்கினால் அலை இடமிருந்து வலம் மாறும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பொத்தான் செய்துவிடுகிறதே, இதில் தயார் செய்கிற கலை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் படகில் உட்காருகிற ஆட்களும் பாரம் என்பதைப் பொத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எண்பது கிலோ ஆள் ஒருவர் பின்னிருக்கையிலிருந்து எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தால், பின்னால் சறுக்கிக்கொண்டிருப்பவர் காலடியில் அலையின் உருவம் மாறுகிறது. டீசலோ பெட்ரோலோ பாதி தீர்ந்தாலும் மாறும். எதிர்க்காற்றிலும், ஆழம் குறைந்த இடத்திலும் மாறும். அப்போது எந்தத் தொட்டியில் எவ்வளவு குறைக்க வேண்டும், வேகத்தில் அரைக் கிலோமீட்டர் கூட்டினால் போதுமா என்று அலையைப் பார்த்தே சொல்கிற ஓட்டுநர்தான் இதில் வித்வான். பலகைக்காரருக்குக் கைதட்டல், ஓட்டுநருக்குத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை. கொஞ்சம் அநியாயம்தான்.

தேர்வில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று எஞ்சின் இருக்கும் இடம். சறுக்குகிறவர் படகின் பின்விளிம்பிலிருந்து சில மீட்டருக்குள்தான் இருக்கிறார், விழுந்தால் முன்னாலும் விழலாம். பின்பலகையில் தொங்குகிற அவுட்போர்டு எஞ்சினின் விசிறி அவருக்கு நேர் எதிரே சுழலும். ஆகவே விசிறி படகின் வயிற்றுக்கடியில், பின்விளிம்புக்கு முன்னாலேயே அடங்கியிருக்கிற இன்போர்டு படகு மட்டுமே இதற்கு ஆகும். 2015 வாக்கில் வோல்வோ பென்டா கம்பெனி விசிறியை முன்னோக்கித் திருப்பிப் படகுக்கடியில் வைக்கும் அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது, அதையும் ஏற்கலாம். புகையையும் மறக்கக் கூடாது. மெதுவாகப் போகும் படகின் பின்னால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு வாசனை கிடையாது, மயங்கும் வரை தெரியாமலே போகலாம். பின்படியில் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி நான் முதலிடம் கொடுத்த தண்ணீருக்கு வருவோம். தண்ணீர்தான் படகைத் தேர்கிறது என்பதற்கு வெளிநாட்டுச் சாட்சி வேண்டாம், நம் மாவட்டக் கடற்கரையே போதும். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை மன்னார் வளைகுடாவில் தீவுகள் வரிசையாக நின்று அலையைத் தடுக்கின்றன. கரையோரம் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். அங்கே நிலைத்தது வள்ளம், பலகை சேர்த்துக் கட்டி, உள்ளே ஆளும் வலையும் வைத்துக்கொண்டு போகிற படகு. தெற்கே போகப்போகக் கடல் நேராகக் கரையில் வந்து அறையும். அங்கே நிலைத்தது கட்டுமரம். மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் விட்ட சந்து வழியே மேலேறிய தண்ணீர் ஒழுகிப் போய்விடும், அலை மூடினாலும் முழுகாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயவைப்பார்கள், ஊறிய மரம் கனத்துப்போகும் என்பதால். கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். படகைத் தயார் செய்வது அங்கே அன்றாட வேலை. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கி, அலையடிக்கும் கரையில் இறங்குகிற எஞ்சின் படகுகளை இந்தியாவின் கிழக்குக் கரையில் சோதித்துப் பார்த்தது. பெரிய சிக்கல்களில் ஒன்று, மணலில் தட்டும்போது விசிறியை எப்படி மேலே தூக்குவது என்பது. மணல் சொன்னபடிதான் எஞ்சினைப் பொருத்த வேண்டியிருந்தது.

அதே அளவுகோலை வேக்சர்ஃபிங் படகுக்கும் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2024-ல் ஒரு விதி போட்டது. இந்த விளையாட்டுக்கு விடும் பரப்பு கரையிலிருந்து 500 அடியாவது தள்ளியிருக்க வேண்டும், 20 அடி ஆழமாவது இருக்க வேண்டும், தொடர்ச்சியாக 50 ஏக்கராவது இருக்க வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்து நீரியல் ஆய்வகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வும், சாதாரணப் படகின் அலை அளவுக்கு இந்த அலை அடங்க 500 அடிக்கு மேல் ஓட வேண்டும் என்றே சொன்னது. காரணம் எளிது. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அது சுமந்து வருகிற சக்தி நான்கு மடங்காகிறது. மூக்கைத் தூக்கி ஓடும் படகின் விசிறி தண்ணீரைக் கீழ்நோக்கியும் அடிக்கிறது, ஆழமில்லாத இடத்தில் அடிவண்டல் கலங்கி மேலே வரும்.

இந்தக் கணக்கோடு நம் கண்மாய்க் கரையில் போய் நின்று பார்க்க வேண்டும். ‘மழைக்காலத்தில் பெருகிக் கிடக்கிறதே, இரண்டு மூன்று மாதம் படகு விட்டால் ஊருக்கு வருமானம் ஆகுமே’ என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஊருக்கு வருமானம் வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் கரிசல் கண்மாய் பலவற்றில் மடைக்கு அருகில்கூட இரண்டாள் ஆழம் நின்றால் பெரிது, 20 அடி எங்கே இருக்கிறது? கரை வெறும் மண்கரை. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்த கரிசல் மண் மழை பெய்ததும் பொதும்பிப் பாலாகக் கரையும். காற்றில் எழும் சாதாரண அலையே கரையின் உட்புறத்தைக் கரம்பி எடுக்கிறது என்றுதான் கல் பதிக்கிறார்கள். அதன் மேல் இரண்டு டன் பாரம் ஏற்றிய படகு, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து அலை அடித்தால், உடைப்பு எடுக்கப் போவது மடையடி உளுந்தும் மிளகாயும் நிற்கிற இடத்தில். படகுச் சீட்டு விற்ற காசு ஒரு உடைப்பை அடைக்கப் போதாது. சின்னப் படகாகப் பார்த்து, பாரமில்லாமல் ஓட்டலாமே என்றால், அலை எழும்பாது, விளையாட்டும் இல்லை. கரையைக் காக்கிற படகு இந்த விளையாட்டுக்கு உதவாது, உதவுகிற படகு கரையை விட்டுவைக்காது. இந்த முரணைச் சமாளிக்கிற எந்தப் பொருத்தமும் எந்தக் கடையிலும் விற்கவில்லை.

இவ்வளவு எரிபொருளை எரித்து ஒரு செயற்கை அலை எதற்கு, கடலில் சும்மா கிடக்கிறதே என்பது கடைசியாக வரும் ஆட்சேபம். கடலோரத்துக்கு அது முழுக்கப் பொருந்தும். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் பெயர் எடுத்தது எஞ்சின் எதுவும் இல்லாமல்தான். நம் மாவட்டத்திலேயே மணப்பாட்டில் அலை இருக்கிறது. ஆனால் கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஆழமான பெரிய ஏரியோரம் வாழ்கிறவருக்கு அந்தப் பதில் உதவாது. அவர் தன் தண்ணீருக்கு ஏற்ற படகைத் தேர்கிறார், அதில் குற்றம் காண முடியாது. செலவு அவர் பாடு.

‘அப்படியென்றால் நம் வள்ளத்துக்குப் பின்னாலேயே ஒரு பலகையைப் போட்டுப் பார்க்கலாமே’ என்று கடற்கரைப் பக்கத்துப் பையன்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வேண்டாம் தம்பி. பின்னால் தொங்குகிற விசிறி ஒரு காரணம். அது இல்லாவிட்டாலும் அலை கிடைக்காது. மீன்பிடிக்கப் போகிற படகைக் கட்டுகிற ஆசாரி, ஒரு லிட்டர் எண்ணெயில் கூடுதல் தூரம் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் அடிப்பலகையை வளைக்கிறார். பின்னால் தண்ணீர் எவ்வளவு சத்தமில்லாமல் சேர்கிறதோ அவ்வளவுக்கு அவர் வேலை நேர்த்தி.