இளவேனிலில் ஒரு பட்டி

இலங்கையிற் குதிரைகள் தம் விருப்பிற்குத் திரிவதைக் காண விரும்புவோர் நெடுந்தீவுக்குப் போதல் வேண்டும். ஐரோப்பியர் காலத்தில் அங்கு வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அத்தீவின் வெளிகளில் மேய்கின்றன. வன்னிக் கமக்காரனுக்கோ குதிரையின் இடத்தில் நிற்பவை மாடும் எருமையுமே. உழவு இயந்திரம் வந்தபின் அவை ஏரைப் பெரும்பாலும் துறந்தன, பட்டியைத் துறக்கவில்லை.

காலபோக அறுவடை முடிந்தபின் வரும் பங்குனியும் சித்திரையும் பட்டிக்கு நல்ல மாதங்கள். ஐப்பசி தொடக்கம் வயலோரத்தை அணுக விடாது காட்டுப்பக்கம் துரத்தப்பட்ட மாடுகள் அப்பொழுதுதான் அரிதாளில் வாய் வைக்கின்றன. விடியுமுன் கன்றை அவிழ்த்துத் தாயிடம் விடுவர். அது முட்டி, மடி சுரந்த பின்னரே கறவை. நாட்டுப்பசு ஒரு வேளைக்கு ஒரு லீற்றர் தந்தாலே பெரிது. கன்றின் பங்கையும் கறந்துவிட்டால் நாளைய பசு இல்லை என்பதை அறிந்த வீட்டுக்காரி ஒரு காம்பை விட்டுவைப்பாள். நண்பகலில் எருமைகள் வற்றிவரும் குளத்துச் சேற்றிற் புதைந்து கிடக்கும். வியர்வை குறைந்த அவ்வுடலுக்குச் சேறே குளிர்ச்சி. அதனைச் சோம்பல் என்பது அறியாமை. மாலையில் மாடுகளை எண்ணி அடைத்து, காதினுள்ளும் வாலடியிலும் உண்ணி பார்த்து, கொசுவுக்குப் புகை மூட்டினால் அன்றைய வேலை முடிந்தது.

இம்மாதங்களின் பெரிய வேலை வேறொன்று. அதுதான் இன்று கைவிடப்படுகின்றது. முன்னாளிற் சூடு மிதித்த களத்திலேயே வைக்கோல் குவிந்து கிடக்கும். இன்று அறுவடை இயந்திரம் அதனை வயலெங்கும் சிதறிச் செல்கின்றது. கூட்டிக் கட்டக் கூலி வேண்டுமாதலின், பலர் தீமூட்டி விடுகின்றனர்.

இதன் விலை 2022 டிசம்பரில் தெரிந்தது. மண்டூஸ் புயலின் குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் மாண்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இழப்பு மிகுதி. நோயோ என்று முதலில் அஞ்சினர். குளிரே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் குளிர் மட்டுமா கொன்றது? மாடு தின்று அசைபோடும் தீனியே அதன் வயிற்றில் வெப்பமாகின்றது. மாதக்கணக்கில் இலைகுழையில் மெலிந்து, கூரையற்ற பட்டியில் நனைந்து நின்ற உடல் எதனை எரித்து வெப்பம் காணும்? 2009இற் போர் முடிந்து மீளக் குடியேறியோரிற் பலர், ஒன்றிரண்டு மாடுகளிலிருந்து பெருக்கிய பட்டிகள் அவை.

மேய்ச்சற்றரையை வரையறுத்துத் தரும்படி மாடு வளர்ப்போர் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். அது நியாயமான கோரிக்கை. ஆனால் அது நிறைவேறும் வரை மாடு பட்டினி கிடக்க முடியாது. நாளொன்றுக்கு மூன்று கிலோ வீதம் பத்து மாடுகளுக்கு அறுபது நாளைக்கு 1,800 கிலோ வைக்கோல் வேண்டும். ஒன்றிரண்டு ஏக்கர் வயலிலேயே அவ்வளவும் கிடைக்கும். கறையான் ஏறாதபடி மரக்குற்றிகளின் மேற் போரெழுப்பி, தலைப்பைக் கூம்பாக்கிக் கிடுகு வேய்தல் நன்று. பட்டியின் வாடைப்பக்கத்தில் ஒரு தட்டி மறைப்பும் வேண்டும். அதற்குக் காட்டுத்தடியும் பனையோலையும் போதும்.

வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் பாலெடுத்துச் செல்லும் நாளிற் புல் காய்ந்துவிடும். போர் அதற்கும் முன்னரே, சித்திரை மழை இறங்குமுன் எழும்பிவிட வேண்டும். நனைந்த வைக்கோலிற் பூஞ்சணம் பிடிக்கும். மாடு அதனை முகர்ந்து பார்த்து விலகிவிடும்.