130ஆவது இடத்தில் இருப்பது யார்?

(வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர், மனித மேம்பாட்டுக் குறியீட்டில் 193 நாடுகளுக்குள் இந்தியாவுக்கு 130ஆவது இடம் என்று 2025 அறிக்கையை வைத்துச் சொன்னார். ஐஸ்லாந்து முதலிடம், தெற்கு சூடான் கடைசி. எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு ஒரு சந்தேகம். அந்த 130ல உட்கார்ந்திருக்கிறது யாரு? நீங்களா, நானா, ஊர்த்தெருக்காரரா?

இந்தக் கணக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன். அதற்கு முன்பு ஒரு நாடு முன்னேறிச்சா இல்லையான்னு பார்க்க, மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு பணம் என்பார்கள். பிள்ளை செத்தாலும், பள்ளிக்கூடமே இல்லாவிட்டாலும் அந்தக் கோலுக்குத் தெரியாது. பாகிஸ்தானில் நிதியமைச்சராக இருந்த மஹ்பூப் உல் ஹக், 1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழியாக வேறு கோல் கொண்டுவந்தார். எத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறோம், எவ்வளவு படிக்கிறோம், என்ன வருமானம் என்கிற மூன்றையும் சேர்த்து ஒரே எண். வாழ்க்கையை ஒரு எண்ணில் அடைக்கலாமா என்று அமர்த்தியா சென் முதலில் தயங்கினார். பணக்கணக்கை இன்னொரு எண்ணால்தான் அடிக்க முடியும் என்பது ஹக்கின் வாதம். இதெல்லாம் ஏகாதிபத்தியக் கணக்கு என்று ஒதுக்குகிற தோழர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைச் சாவைக் கணக்கில் எடுக்கிற கோல் நமக்கு வேண்டும்.

கோளாறு சராசரியில் இருக்கிறது. எங்க ஊர்ல மேல்நிலைத் தொட்டி கட்டினாங்க. தலைக்கு இத்தனை குடம் தண்ணீர் என்று கணக்கு. ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு குழாய். சேரிக்குத் தெருமுனையில் ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஊருக்கு நிறைஞ்ச பிறகுதான் சொட்டும். எங்கம்மா குடத்தை வரிசையில வெச்சுட்டுக் கூலிக்குப் போயிடும். கணக்கில் தப்பில்லை. ஊரையும் சேரியையும் சேர்த்து வகுத்தால் அவ்வளவுதான் வரும்.

இதை உடைத்துப் பார்க்க முடியுமா? பார்த்திருக்கிறார்கள். 1993 அறிக்கையில் அமெரிக்காவை நிறவாரியாகப் பிரித்தார்கள். வெள்ளையரைத் தனி நாடாக வைத்தால் உலகத்திலேயே முதலிடம். கறுப்பர்கள் 31ஆவது இடம், டிரினிடாட் பக்கத்தில். மறு வருஷம் தென்னாப்பிரிக்கா. மண்டேலா குடியரசுத் தலைவரான அதே 1994. வெள்ளைத் தென்னாப்பிரிக்கா 24ஆவது, ஸ்பெயினுக்கு அடுத்து. கறுப்புத் தென்னாப்பிரிக்கா 123ஆவது, காங்கோவுக்குச் சற்று மேலே. ஒரே கொடி, ஒரே நாணயம், நடுவில் 99 இடம். அறிக்கையைப் படிச்சப்ப எனக்கு எங்க ஊர்த் தொட்டிதான் ஞாபகம் வந்தது.

இந்தியாவை இப்படிச் சாதிவாரியாகப் பிரித்து, சேரி எத்தனையாவது நாடு என்று வருஷா வருஷம் ஏன் போடக்கூடாது? 2010 முதல் ஏற்றத்தாழ்வைக் கழித்தும் ஒரு குறியீடு போடுகிறார்கள். அப்படிக் கழித்தால் 2025 அறிக்கைப்படி இந்தியாவின் 0.685 என்கிற எண் 30.7 விழுக்காடு இறங்கி 0.475 ஆகிறது. பெரிய சரிவுதான். ஆனால் எவ்வளவு பறிபோச்சுன்னு சொல்லுதே தவிர, யார்கிட்டேயிருந்து பறிபோச்சுன்னு சொல்லலை.

ஒருமுறை சொன்னார்கள். 2021இல் வந்த பல்பரிமாண வறுமை அறிக்கை சாதியைப் பார்த்தது. விவரங்கள் 2015-16க்கு உரியவை. பழங்குடியினரில் 50.6 விழுக்காடு வறியவர்கள், அட்டவணைச் சாதியினரில் 33.3, பிற்படுத்தப்பட்டோரில் 27.2, மற்றவர்களில் 15.6. படிக்கட்டு மாதிரி இறங்குது பாருங்க. அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று சொன்னதை ஐ.நா.காரன் அட்டவணை போட்டுக் கொடுத்துட்டான்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. எண்ணட்டும். தலையை எண்ணியதோடு விடாமல் படிப்பு, வீடு, தண்ணீர், கக்கூஸ் எல்லாவற்றையும் சாதிவாரியாக அச்சில் போடச் சொல்லி இப்போதே எழுதிப் போடணும். 2011இல் தொடங்கிய சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் வீடு வீடாக வந்து கேட்டார்கள், நாமும் சொன்னோம். அந்தச் சாதி விவரம் வெளியே வரவே இல்லை.