முதலில் பிளக் கேப்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறும் நாட்களில் தென்னந்தோப்புகளில் புல் முழங்காலுக்கு மேல் நிற்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துச் சிறு பட்டறைகளில் அப்போது கால் வைக்க இடமிருக்காது. பிரஷ் கட்டர், பவர் வீடர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் செயின் சா எல்லாம் வாசலிலேயே வரிசை கட்டிக் கிடக்கும். அவற்றைப் பழுது பார்ப்பவரின் கையை நாம் வேகத்தை வைத்துத்தான் மெச்சுகிறோம். "அரை மணியில் ஓட வைத்துவிட்டார்" என்பதுதான் நாம் தரும் பட்டம். இந்தக் கலையை வேறொரு அளவுகோலால் இன்று அளந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்த மெக்கானிக் என்ன செய்கிறார்?

கைதேர்ந்தவர் முதலில் செய்வது, ஸ்பார்க் பிளக்கின் தலையில் இருக்கும் ரப்பர் கேப்பை உருவி ஓரமாக ஒதுக்குவது. சுவிட்சைத்தான் அணைத்தாயிற்றே, பிறகு எதற்கு என்று தோன்றும். கயிறு இழுத்துக் கிளப்பும் இந்தச் சிறு இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டரி கிடையாது. ஃபிளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போதெல்லாம் பொறி பிறக்கும். ஸ்டாப் சுவிட்ச் அந்த மின்சாரத்தை இன்ஜின் உடம்பில் எர்த் செய்கிறது, அவ்வளவுதான். அந்த ஒயர் அறுந்துபோனால் சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் இன்ஜின் கிளம்பத் தயாராகவே இருக்கும். வீட்டில் ஒயர் அறுந்தால் விளக்கு அணையும். இங்கே ஒயர் அறுந்தால் அணைக்க வழியில்லை.

புல்தரையில் தள்ளிக்கொண்டு போகும் லான் மோவரில் இது இன்னும் பொல்லாதது. பெரும்பாலும் அதன் கத்தி இன்ஜினின் கிராங்க் தண்டிலேயே நேராகப் பூட்டப்பட்டிருக்கும். சிக்கிய புல்லை எடுக்கக் கத்தியைக் கையால் திருப்பினால் இன்ஜினையே திருப்புகிறோம் என்று பொருள். சிலிண்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி ஒரே ஒரு முறை பற்றினால் போதும், விரல் நம்முடையதல்ல. அமெரிக்காவில் 1982 முதல், கைப்பிடி நெம்புகோலை விட்டதும் 3 வினாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். கை வலிக்கிறது என்று அந்த நெம்புகோலைக் கம்பியால் கட்டி வைத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படிக் கட்டி வந்த இயந்திரத்தைக் கட்டோடு திருப்பிக் கொடுப்பவரை நான் நல்ல மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது பெட்ரோல். நம் ஊர் வழக்கங்களில் என்னைப் பதற வைப்பது இதுதான். டேங்கைக் காலி செய்ய டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவதை இன்னும் ஒரு திறமையாகவே பார்க்கிறோம். உறிஞ்சியதில் கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் வெந்ததுபோல் ஆகிவிடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. ஏறிவரும்போது அது மறுபடியும் நுரையீரலுக்குள் போகும். நேராக மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கையால் அமுக்கும் பம்ப் கிடைக்கிற காலத்தில் வாய் எதற்கு?

கார்புரேட்டர் கழுவுவதிலும் இதே அசட்டையைப் பார்க்கலாம். திறந்த தட்டில் பெட்ரோல், அதே மேசையின் மறுமுனையில் பொறி பறக்கும் சாணைக்கல். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பற்றிக்கொள்ளும் அளவு ஆவி விடுகிற பொருள் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாக நகர்ந்து, தள்ளியிருக்கும் பொறியைத் தேடிப் போய்ப் பற்றும். பற்றியபின் தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் மிதந்து பரவும். மணல் வாளியோ பவுடர் தீயணைப்பானோ கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று, அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது கொஞ்சம் கண்ணை ஓட்டிப் பாருங்கள்.

பாதுகாப்பு என்றதும் கையுறை, கண்ணாடி என்று பட்டியல் போடுவது வழக்கம். கண்ணாடி சரி. ரீகாயில் ஸ்பிரிங் சுருள் அவிழ்ந்து முகத்தில் அடிக்கும்போதும், சாணைப் பொறி தெறிக்கும்போதும் கண்ணைக் காப்பது அதுதான். ஆனால் சுழலும் சாணைக்கல் முன்னால் துணிக் கையுறை போடுவது ஆபத்து. நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். தோளில் கிடக்கும் துண்டுக்கும் இதே கதிதான். கல்லை மாட்டுமுன் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள் பழைய ஆட்கள். கணீரென்றால் மாட்டலாம், மொத்தென்றால் உள்ளே விரிசல். 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தில் கண் பாதுகாப்புக்கென்றே 35-ஆம் பிரிவு இருந்தது. மெக்கானிக்கும் ஒரு பையனும் மட்டும் இருக்கும் பட்டறை அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வரவில்லை. அங்கே சட்டம், இன்ஸ்பெக்டர் எல்லாமே அந்த மெக்கானிக்தான்.

வேலை முடிந்து ஓட்டிப் பார்க்கும் கட்டத்தில்தான் கலைஞன் தெரிவான். மழை என்று ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இன்ஜினை ஓடவிட மாட்டார். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். செயின் சாவை ஐட்லிங்கில் விட்டுச் சங்கிலி அசைகிறதா என்று பார்ப்பார். அசைந்தால் ஐட்லிங் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அப்படியே கொடுத்து அனுப்ப மாட்டார். சங்கிலி பிரேக் பிடிக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் பில் போடுவார். இந்த ஐந்து நிமிடத்துக்கு யாரும் தனியாகக் கூலி தருவதில்லை.

பவர் ஸ்பிரேயரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் மெக்கானிக்கைவிட நம் குற்றம்தான் அதிகம். டேங்கிலும் ஓசிலும் பூச்சிமருந்து மிச்சமிருக்க அப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறோம். வாஷர் மாற்றுகிற பையனின் தோல் வழியாகவே அது உடம்பில் ஏறும்.

ஆகவே நேயர்களே, ஸ்பிரேயரைத் தோப்பிலேயே சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசி, கிணறு வாய்க்கால் பக்கம் போகாமல் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொண்டு போங்கள். கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள் என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "நின்று வாங்கிக்கொண்டு போகிறேன், சீக்கிரம்" என்று அவர் தலைமாட்டில் நிற்காதீர்கள். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.