ஊராட்சிக் கணினியும் ப்ராக்ஸியும்
(நாரணாபுரத்தில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இ-கிராம சுவராஜ் என்னும் இணையதளம் தொடங்கப்பெற்றது. மத்திய நிதிக்குழு மானியத்திலிருந்து நாம் செய்யும் வேலைகளுக்குரிய தொகை, மின்கையொப்பத்துடன் அதன் வழியே செல்கிறது. பட்டா, சிட்டா நகல்களைக் கணினியிலேயே பெறுகிறோம். பட்டாசுத் தொழில் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் வெடிபொருள் உரிம விண்ணப்பங்களும் இணையத்தின் வழியே போகின்றன. ஆகையால் அலுவலக மேசைமீதுள்ள கணினியைக் கஜானாப் பெட்டிக்கு நிகராகவே நாம் கருத வேண்டும். அதனுள்ளே ப்ராக்ஸி என்றோர் அமைப்பு உண்டு. அதைக் கணினி இயக்குபவர் மட்டுமன்றி, நீங்களும் அறிந்திருப்பது அவசியம்.

சிவகாசிக் கடைத்தெருவுக்கு நாம் போகாமல், ஓர் ஆளிடம் சீட்டெழுதிக் கொடுத்தனுப்புவதுண்டல்லவா? கடைக்காரர் அவ்வாளின் முகத்தையே காண்கிறார். நாம் எந்தக் கடையில் என்ன வாங்கினோம் என்பது அவ்வாளுக்குத் தெரியும். ப்ராக்ஸி சர்வர் இத்தகைய இடையாளே. பிரவுசர் நேரே தளத்திற்குச் செல்லாமல் இவரிடம் கேட்க, இவர் வாங்கிவந்து தருகிறார்.

வலைத்தளம் பிறந்த ஜெனிவா நகரின் செர்ன் ஆராய்ச்சி நிலையத்திலேயே, 1994ஆம் ஆண்டளவில் இம்முறை உருவாக்கப்பட்டது. காவலரண் இட்ட அலுவலகங்களிலிருந்து வெளியே செல்ல ஒரே வாயில் அமைப்பதும், ஒருமுறை வந்த பக்கத்தின் நகலை வைத்திருந்து அடுத்தவருக்கு உடனே கொடுப்பதும் அதன் நோக்கங்கள். தொலைபேசிக் கம்பியில் இணையம் ஊர்ந்து வந்த நாட்களில் அந்நகல் பெரும் சிக்கனம். இன்று பெரும்பாலான பக்கங்கள் மறையாக்கம் பெற்று வருவதால் நகலால் பயன் சொற்பமே. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொணர்வதைப் பாரத்நெட் திட்டம் குறியாகக் கொண்டது. எனவே, "ப்ராக்ஸி போட்டால் வேகம் கூடும்" என்று எவரேனும் வந்து சொன்னால், ஊராட்சிக் கணினியை அவரிடம் விடாதீர்கள்.

தளத்தின் முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கினால், கடிதம் முத்திரையிட்ட உறையில் போகிறது எனலாம். இடையாள் உறைமேலுள்ள பெயரை மட்டும் அறிவார்; உள்ளிருக்கும் கடவுச்சொல்லை அறியார். ஆனால் அவர் கொடுக்கும் சான்றிதழ் ஒன்றை நாம் கணினியில் ஏற்றிவிட்டால், உறையைப் பிரித்துப் படித்து, தம் முத்திரையிட்டு மூடியனுப்ப அவரால் இயலும். ஆபத்து இங்கேதான் உள்ளது. முன்பின் அறியாதவர் தரும் சான்றிதழை ஏற்றலாகாது. "இணைப்பு பாதுகாப்பானதன்று" என்னும் எச்சரிக்கையைத் தாண்டிப் பணம் அனுப்பவும் கூடாது.

அலுவலக வலையமைப்பை நிர்வகிப்போரே ப்ராக்ஸி வேண்டுமென்றால், முகவரி, போர்ட் எண், விலக்களிக்க வேண்டிய தளங்கள் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். போர்ட் எண் 8080 அல்லது 3128 ஆக இருப்பது வழக்கம். விண்டோஸ் கணினியில் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', பிறகு 'ப்ராக்ஸி' என்று சென்று அவற்றை இடலாம். விலக்குத் தளங்களுக்கிடையே அரைப்புள்ளி வேண்டும். குரோம் இவ்வமைப்பையே பின்பற்றும். பயர்பாக்ஸுக்கோ தனியே அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு, அங்கே காற்புள்ளி.

நாம் அடிக்கடி காணும் தொல்லை ஒன்றுண்டு. ஓரிடத்தில் ப்ராக்ஸி அமைத்த மடிக்கணினியை வேறோர் இடத்திற்கு எடுத்துச் சென்றதும், "ப்ராக்ஸி சர்வருடன் இணைக்க இயலவில்லை" என்று வரும். உடனே கம்பி பழுதென்று ஆளனுப்புகிறார்கள். வந்தவர் கம்பியைப் பார்த்துவிட்டுப் போகிறார், அன்றைய வேலை கெடுகிறது. அதே வைஃபையில் கைபேசி வேலை செய்தால் கம்பியில் குற்றமில்லை. பயர்பாக்ஸில் 'நோ ப்ராக்ஸி' என்பதைத் தேர்ந்து பாருங்கள். அங்கே தளம் திறந்து, குரோமில் திறக்கவில்லையெனில், குறை விண்டோஸின் ப்ராக்ஸி அமைப்பிலேயே. 'யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்' என்பதை அணைத்துவிடுங்கள். 'செட்டப் ஸ்கிரிப்ட்' கட்டத்தில் யாரும் அறியாத முகவரி இருந்தால் அதையும் அணையுங்கள். கெடுநோக்குள்ள மென்பொருள்கள் அங்கே ஒளிந்துகொள்வதுண்டு. அத்தகைய முகவரி கிடைத்த கணினியில், முழுச் சோதனை முடியும்வரை மின்கையொப்பச் சாவியைச் செருக வேண்டாம். முகவரியைக் குறித்துக்கொண்டு அன்றே ஒன்றிய அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள்.