இரண்டாம் இருக்கை
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் திருச்சி கல்லூரிகளின் நகரம். 1883ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு வந்த புனித வளனார் கல்லூரி, 1919இல் தோன்றிய தேசியக் கல்லூரி, 1951இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரி, நம் புத்தூரிலேயே 1966 முதல் நடைபெற்று வரும் பிஷப் ஹீபர் கல்லூரி என வரிசை நீளும். நம் பிள்ளைகள் கல்லூரி வகுப்பறைகளுக்குள் நுழைந்துவிட்டனர். பேராசிரியராக உயர்ந்தோரும் உளர். ஆயினும் வகுப்பறைக்கும் வீட்டிற்கும் நடுவே அலுவலகம் என்று ஒன்று இருக்கின்றது. அங்குள்ள இரண்டாம் இருக்கையைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

அரசு கலைக் கல்லூரியில் முதல்வர்க்குக் கீழ் அலுவலகத்தின் தலைவராகப் பர்சர் இருப்பார். அவர்க்கு அடுத்த நிலையில் கண்காணிப்பாளர் அமர்வார். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இவ்வமைப்புச் சற்று மாறுபடும். எங்காயினும், கையொப்பம் தலைவருடையது. அக்கையொப்பத்திற்குக் கோப்பை ஆயத்தம் செய்பவர் இரண்டாமவர். எந்தக் கோப்பு இன்று மேலே செல்லும், எது அடுத்த வாரத்திற்கு நிற்கும் என்பது பெரும்பாலும் அவர் கையில் உள்ளது.

இதன் வலிமையை ஒரு சான்றால் உணரலாம். நம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ். நாராயண ஐயர், பின்னர்ச் சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் அதன் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கீழ்ப் பொறுப்பான பதவி வகித்தார். அங்கு 1912 மார்ச்சுத் திங்களில் 30 ரூபாய் ஊதியத்தில் ஓர் எழுத்தர் சேர்ந்தார். அவரே கணித மேதை இராமானுசன். எழுத்தரின் ஆற்றலை உணர்ந்து தலைவர்க்கு எடுத்துரைத்தவர் நாராயண ஐயர். தலைவரும் துணை நின்றார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுசனுக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. இரண்டாம் நிலையில் இருந்த ஒருவரின் கண் திறந்திருந்தமையால் உலகம் ஒரு மேதையைப் பெற்றது.

ஆனால் இளைஞர்களே, அக்காலத்தில் அத்தகைய இருக்கைகளும் அத்தகைய அறிமுகங்களும் ஒரு சிறு வட்டத்திற்குள்ளேயே சுழன்றன. நம் குடியிருப்புகளில் பிறந்த அறிவாளர் எத்தனை பேர் எவர் கண்ணிலும் படாமல் மறைந்தனர் என்று கணக்கிட வழியே இல்லை.

அந்நிலையை மாற்ற வழிகண்டவர் அண்ணல் அம்பேத்கர். வைசிராய் நிர்வாகக் குழுவின் உறுப்பினராயிருந்த அவர், 1942இல் அளித்த கோரிக்கை மனுவில் நம் மக்களுக்குக் கல்வி உதவியையும் அரசுப் பணியிடங்களையும் சேர்த்தே கேட்டார். 1943இல் நடுவண் அரசுப் பணிகளில் ஒதுக்கீட்டு ஆணை பிறந்தது. 1944இல் பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. ஒரே மனுவில் இரு கோரிக்கைகள்! உதவித்தொகை பெற வரிசையில் நிற்கும் மாணவனும், அதற்கான கோப்பை நடத்தும் அலுவலரும் நம்மவராய் இருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள் என நாம் கொள்கின்றோம்.

எம் பள்ளியில் பயின்று கல்லூரி சென்ற மாணவன் ஒருவன். சாதிச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்து, மாற்றுச் சான்றிதழில் வேறொரு முன்னெழுத்து. அவன் விண்ணப்பம் பல திங்கள் ஓர் இழுப்பறையில் கிடந்தது. மறுத்தாரும் இல்லை, திருத்தி வா என்று சொன்னாரும் இல்லை. அவன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கச் சென்றுவிட்டான். புதிதாக வந்த கண்காணிப்பாளர் நிலுவைப் பட்டியலைப் பார்த்து, ஆளனுப்பி அவனை அழைத்து, இரண்டு வாரத்தில் திருத்தம் பெறச் செய்தார். அவர் நம் சமூகத்தவரும் அல்லர். விதி எதையும் அவர் வளைக்கவில்லை. விதியை உரிய காலத்தில் நடத்தினார், அவ்வளவே. இன்று விண்ணப்பம் இணையவழியே செல்கின்றது. பணமும் மாணவரின் வங்கிக் கணக்கிற்கே வருகின்றது. எனினும் கல்லூரி அலுவலகம் சரிபார்த்து அனுப்பினாலன்றி விண்ணப்பம் நகராது.

அவ்விருக்கையை அடைந்து சிறப்பது எங்ஙனம்?

முதலாவது, விதியறிவு. தேர்வாணையத்தின் தொகுதி நான்கு தேர்வில் வென்று இளநிலை உதவியாளராகச் சேர்வதோடு படிப்பு முடிந்ததென எண்ணற்க. பவானிசாகர் அடிப்படைப் பயிற்சியை ஊன்றிக் கற்க வேண்டும். கணக்குத் தேர்வு, அலுவலக நடைமுறைத் தேர்வு முதலிய துறைத் தேர்வுகளைத் தள்ளிப்போடாமல் எழுதி முடிக்க வேண்டும். “ஒதுக்கீட்டில் வந்தவர்தாமே” என்று இகழ்வோர் வாயை வாதத்தால் அடைக்க முடியாது. ஐயம் தோன்றும்போது அவர்களே விதி கேட்க நம் மேசைக்கு வரும் நாளில் அது தானே அடங்கும்.

இரண்டாவது, குறிப்பெழுதும் திறன். பொருள் யாது, விதி யாது, முன்னிகழ்வு யாது, முடிவு செய்ய வேண்டுவது யாது என்னும் நான்கும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். முடிவு தலைவருடையது. மாறுபட்ட கருத்திருப்பின் முடிவுக்கு முன்னரே குறிப்பில் பணிவுடன் எழுதுக. முடிவான பின் வெளியே முணுமுணுத்தல் கூடாது. விதிக்கு மாறான ஆணையாயின், விதியைச் சுட்டி எழுத்து மூலமான ஆணையைக் கோருக. வாய்மொழியை நம்பிக் கையொப்பமிட்டவரைத் தணிக்கை நாளில் காப்பார் எவருமில்லை.

மூன்றாவது, தன்பதிவேடு. ஒவ்வோர் எழுத்தரின் தன்பதிவேட்டையும் வாரந்தோறும் வாங்கிப் பார்க்கும் கண்காணிப்பாளரின் அலுவலகத்தில் இழுப்பறைகள் கல்லறைகள் ஆவதில்லை.

நான்காவது, அளவறிதல். தலைவர் விடுப்பிலிருக்கும் நாளில் அன்றாடப் பணி நிற்கலாகாது; புதிய முடிவும் பிறக்கலாகாது. நற்பெயர் தலைவர்க்குச் செல்லட்டும். தலைவருக்கு எதிராக அலுவலகத்தில் ஓர் அணி திரட்டுபவர் இரு இருக்கைகளையும் இழப்பார்.

இறுதியாக ஒன்று. பதவி பெற்றபின் நம் பிள்ளைகளைக் கண்டு முகம் திருப்புவோரும் உண்டு. அளவு மீறிச் சலுகை காட்டி மாட்டிக்கொள்வோரும் உண்டு. இரண்டும் வேண்டா. சாளரத்தின் முன் தயங்கி நிற்கும் பிள்ளையை, எச்சமூகத்துப் பிள்ளையாயினும், உள்ளே அழைத்து, “எந்தத் தாள் குறைகிறது?” என்று கேளுங்கள். நம் பிள்ளைகளுக்காக விதியை வளைக்க வேண்டுவதில்லை. அதைத் தாமதமின்றி நடத்தினாலே போதும்.

இச்சங்கம் அடுத்த 25 ஆண்டுகளில் இம்மாவட்டத்துக் கல்லூரி அலுவலகங்கள் பலவற்றிலும் அத்தகைய அலுவலர்களை அமர்த்துவதாக! அதற்கான துறைத் தேர்வுப் பயிற்சி வகுப்பைச் சங்கம் தொடங்குமாயின், ஞாயிறுதோறும் வந்து கற்பிக்க ஆசிரியராகிய நாம் ஆயத்தமாக உள்ளோம்.