புக்கிட் ஜாலில் போகிறீர்களா?

மலேசியக் கிண்ண இறுதியாட்டம் என்றால் பேராக் ரசிகர்கள் 2018-ஐ மறப்பார்களா? ஷா ஆலாமில் திரெங்கானுவுடன் மூன்றுக்கு மூன்று சமநிலை. கூடுதல் நேரமும் தாண்டி, பினால்டியில் நாலுக்கு ஒன்று என்று கிண்ணம் நம் கைக்கு வந்தது. ஆட்டம் அப்படி நீளும்போது ஊர் திரும்பும் வண்டியை நினைத்துப் பாதியில் எழுந்து வருவது எவ்வளவு கொடுமை!

ஷா ஆலாம் அரங்கம் இன்று இல்லை. பெரிய ஆட்டங்களுக்கு 1998-இல் திறந்த புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம்தான். ஒரு காலத்தில் அந்த இடமும் நம்மவர்கள் பால் மரம் வெட்டிய தோட்டம்தான்.

ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார், தாப்பா ரோட்டிலும் ஏறலாம். ஆனால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆட்டத் தேதி தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் போவது எனக்கு இன்னும் பிடிக்கும். கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே எல்ஆர்டி ஏறினால் இரண்டாவது நிலையமே புக்கிட் ஜாலில்.

இரவு ஆட்டமா? தங்கிவிடுங்கள். அரங்கத்துக்குப் பக்கத்தில்தான் அறை வேண்டும் என்பதில்லை. கேஎல் சென்ட்ரல் பக்கத்திலுள்ள பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினால் காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தே ரயிலுக்குப் போகலாம். வயதான அப்பாவையோ பிள்ளைகளையோ அழைத்துப் போகிறவர்கள், தயவுசெய்து நள்ளிரவில் நெடுஞ்சாலையில் காரோட்டி வராதீர்கள்.