காலிச் சிறையும் கடன்பத்திரமும்



ஓர் ஆலைத் தொழிலாளியின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. பஞ்சாலை, கூலி, சங்கம் என்று பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். தனியார் சிறை என்று தலைப்புக் கொடுத்ததும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். புதுச்சேரியில் அப்படி எதுவும் வரப்போவதாக யாரும் சொல்லவில்லையே என்றார்கள். சொல்லவில்லைதான். ஆனால் வேலைவாய்ப்பு என்ற பெயரில் ஓர் ஊர் எதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்கிறது என்று பார்க்க, சிறையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மற்ற தொழில்களில் மூடிக் கிடக்கும் கணக்கு இதில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் ஹார்டின் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 3,500. சொல்லிக்கொள்ளும்படி தொழில் இல்லை. ஊரின் தொழில் வளர்ச்சி அமைப்பு ஒரு யோசனையைப் பிடித்தது: சிறை கட்டுவோம். கைதிகளை வைக்க இடமில்லாமல் திணறும் அரசுகள் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் தரும். தனியார் நிறுவனம் நடத்தும், ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கும். 2.7 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். 464 படுக்கைகளோடு 2007-இல் கட்டடம் எழுந்தது. கைதிதான் வரவில்லை. வெளிமாநிலக் கைதிகளை அங்கே வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கருத்துச் சொன்னார். ஊர் வழக்குப் போட்டு ஜெயித்தது. ஜெயித்த பிறகும் யாரும் அனுப்பவில்லை. 2008-இல் கடன் தவணை தவறியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2009 ஏப்ரலில் நகரமன்றம் கூடி, குவாண்டனாமோ முகாமில் இருப்பவர்களை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள் என்று தீர்மானம் போட்டது. எந்த மாநிலமும் வேண்டாம் என்று கதவைச் சாத்திய ஆட்களை இந்த ஊர் வருந்தி அழைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவிலிருந்து ஒருவர், தனியார் காவல்படை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, கறுப்பு மெர்சிடிஸ் வண்டிகளோடு வந்து இறங்கினார். வண்டிக் கதவில் ‘ஹார்டின் நகரக் காவல்துறை’ என்று ஒட்டியிருந்தது. ஹார்டினுக்கோ அப்போது சொந்தக் காவல்துறையே கிடையாது. அவருடைய நிறுவனத்தின் முத்திரை செர்பிய நாட்டின் அரசுச் சின்னத்தைப் பார்த்துப் போட்டது. சிறையை நாங்களே எடுத்து நடத்துகிறோம் என்றார். ஊர் அதிகாரிகள் ஒப்பந்தத்துக்குத் தயாரானார்கள். ஆள் பழைய மோசடி வழக்குகளில் கம்பி எண்ணியவர் என்பதைச் சில நாட்களில் செய்தியாளர்கள் தோண்டி எடுத்தார்கள். சிறைக்குள் இருந்திருக்க வேண்டியவரிடம் சிறையையே கொடுக்கப் பார்த்தார்கள் என்று பத்திரிகைகள் கேலி செய்திருக்கும். எனக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல் இரக்கம்தான் வருகிறது. அவர்கள் முட்டாள்கள் அல்லர். கடன் கழுத்தைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சிறை வந்தால் ஊர் பிழைக்குமா என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. கிரெகரி ஹூக்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1969 முதல் 1994 வரை அமெரிக்க மாவட்டங்களின் வேலைவாய்ப்புக் கணக்குகளை எடுத்துப் பார்த்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறைகளால் வேலைவாய்ப்பு வளர்ந்ததற்குச் சான்று இல்லை. ஏற்கெனவே தேங்கிக் கிடந்த மாவட்டங்களில் சிறை வளர்ச்சிக்கு முட்டுக்கட்டையாகவே இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கண்டது. காரணம் எளிது. இருக்கும் கொஞ்ச வரிப்பணமும் சாலையும் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் அந்த ஒரே கட்டடத்துக்குப் போய்விடுகின்றன. பக்கத்தில் வேறு தொழில் தலையெடுப்பதில்லை.

இனி ஒப்பந்தத்துக்குள் வருவோம். என் பேச்சின் மையம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் தனியார் சிறை ஒப்பந்தங்களை 2013-இல் ஓர் ஆய்வு அமைப்பு வாங்கிப் படித்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒப்பந்தங்களில் ‘நிரப்பு உத்தரவாதம்’ இருந்தது. அதாவது 80 முதல் 100 விழுக்காடு படுக்கைகள் நிறைந்திருக்கும் என்று அரசு வாக்குக் கொடுக்கிறது. நிறையாவிட்டாலும் நிறைந்ததாகக் கருதிப் பணம் கட்ட வேண்டும். அரிசோனாவில் மூன்று சிறைகளுக்கு 100 விழுக்காடு. குற்றம் குறைந்தால் கஜானாவுக்கு நஷ்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நட்டத்தைத் தாங்குபவர்தானே முதலாளி என்று பொருளாதாரப் பாடத்தில் சொல்லிக்கொடுப்போம். இங்கே லாபம் நிறுவனத்துக்கு, நட்டம் வரி கட்டுபவருக்கு.

நம் ஆட்களையும் இது தொட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குடியேற்றத் தடுப்பு முகாம்களை 2009 முதல் செர்கோ என்ற நிறுவனம் ஒப்பந்தத்தில் நடத்தியது. படகில் போன ஈழத்தமிழர் பலர் அந்த வேலிகளுக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். பிலோலா ஊரிலிருந்து 2018 மார்ச்சில் விடியற்காலையில் பிடித்துச் செல்லப்பட்ட தமிழ்க் குடும்பத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தாய், தகப்பன், இரண்டு சிறு பெண்குழந்தைகள். 2019-இல் கிறிஸ்துமஸ் தீவு முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். வேறு நோக்கத்துக்காக அந்த ஆண்டு திரும்பத் திறந்த முகாம் அது. அந்த நேரத்தில் அங்கே அடைபட்டிருந்தவர்கள் அந்த நால்வர் மட்டுமே. காவலர், சமையல், மருத்துவம், மின்சாரம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பிலோலா மக்கள் விடாமல் போராடி 2022 ஜூனில் அவர்களை ஊருக்கே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இறைச்சி ஆலையை நம்பி வாழும் சின்ன ஊர்தான் அதுவும். எங்களுக்கு வேலை செய்யும் குடும்பம் வேண்டும் என்று கேட்டது.

பிரான்சு நமக்குத் தூரத்து நாடல்ல. இன்றும் அந்த நாட்டுத் தேர்தலில் வாக்குப் போடுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். 1986-இல் அங்கே நீதித்துறை அமைச்சராக வந்த ஆல்பென் ஷலாந்தோன் சிறைகளை முழுசாகத் தனியாருக்குக் கொடுக்க நினைத்தார். கடும் எதிர்ப்பு. கடைசியில் 1987 ஜூன் 22-இன் சட்டம் நடுவில் ஒரு கோடு போட்டது. சமையல், சலவை, பராமரிப்பு, கைதிகளுக்கான வேலை ஆகியவற்றைத் தனியார் செய்யலாம். நிர்வாகத் தலைமை, பதிவேடு, காவல் மூன்றும் அரசிடமே. இஸ்ரேல் இன்னும் கறாராக இருந்தது. பீர்ஷெபா அருகே தனியார் சிறை கட்டி முடிந்து திறப்புக்குக் காத்திருந்தபோது, 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. லாபம் தேடும் கை ஒரு மனிதனைப் பூட்டி வைப்பதே அவன் மானத்துக்கு இழுக்கு, உள்ளே வசதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி என்றது தீர்ப்பு.

இந்தியாவில் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எம். ஜோசப், ஹிருஷிகேஷ் ராய் அமர்வு, நெரிசலுக்கு ஒரு வழியாகத் தனியார் சிறை பற்றிப் பேசியது. பெருநிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டித் தரட்டும், வரிச்சலுகை கொடுக்கலாம் என்பது யோசனை. நியாயமாகச் சொன்னால் இது அமெரிக்க வழி அல்ல. கட்டி ஒப்படைப்பதோடு நிறுவனத்தின் வேலை முடிகிறது. இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு முடிவில் நாட்டின் சிறைகளில் 5.73 லட்சம் பேர். இருந்த இடத்தைப்போல 131 விழுக்காடு. அதில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தண்டனையே இன்னும் முடிவாகாதவர்கள். பிணைக்குப் பணம் கட்ட முடியாமலும் வாய்தா தள்ளிப்போயும் உள்ளே கிடப்பவர்களுக்குப் புதுக் கட்டடம் எதற்கு? நீதிபதிப் பணியிடத்தை நிரப்பினால் இடம் தானாகக் காலியாகும். ஆனால் நீதிபதிப் பணியிடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா எடுக்க முடியாது பாருங்கள்.

அரசமைப்பின்படி சிறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நம் சட்டமன்றத்தின் கையிலும் இருக்கிறது. இங்கே மத்திய சிறை காலாப்பட்டுக்குப் போன பிறகு, நேரு வீதியில் பழைய சிறை வளாகம் வண்டி நிறுத்துமிடம் ஆனது. கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் சீட்டு வாங்கி, ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். ஊர் நடுவில் இருந்த சிறை நிலத்துக்கு நாம் கண்டுபிடித்த பயன் அது. குறை சொல்லவில்லை, பார்க்கிங் தேவைதான்.

சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று 800 ஏக்கருக்கும் மேல் விளைநிலம் எடுத்தோம். மண்டலம் வரவேயில்லை. நிலம் கொடுத்தவர் கையில் பயிரும் இல்லை, பிள்ளைக்கு வேலையும் இல்லை. ஹார்டினின் காலிப் படுக்கைகளுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? துறைமுகத்துக்கு 1989-இல் போட்ட அலைத்தடுப்புச் சுவர் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் கரையை அரித்துத் தின்றதும் இதே ரகம்: பயன் ஓரிடம், விலை இன்னோரிடம். 2022 செப்டம்பரில், அந்தச் சிறை யோசனை நீதிமன்றத்தில் எழுந்த அதே மாதம், மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுக்க இங்கே டெண்டர் விட்டார்கள்; ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் வீடு உண்டா? விநியோகத்தை எடுத்து நடத்துபவருக்கு வாடிக்கையாளர் தானாக அமைந்துவிடுகிறார். நிரப்பு உத்தரவாதத்தின் வீட்டுப்பெயர் அது.

தனியார் என்றாலே ஆகாது என்கிறேனா? இல்லை. ரோடியர் மில்லும் சவானா மில்லும் தனியார் ஆலைகள்தான். 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளிகளைப் பலிகொடுத்துத்தான் அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. கொடுமை இருந்தது. ஆனாலும் அங்கே நெய்தது துணி. ஊர் செழித்தால் துணி கூடுதலாக விற்கும். முதலாளியும் தொழிலாளியும் ஊரும் அந்த ஓர் ஆசையில் ஒன்றுபடலாம். சிறை நடத்துபவரின் வியாபாரம் ஊர் கெட்டால்தான் செழிக்கும். ரோடியர் மில், ஏஎஃப்டி என்று பேர் மாறி, 2020 ஏப்ரல் கடைசியில் மூடியபோது, அந்த இடத்தை நிரப்ப என்ன வரும் என்று கேட்காதவர் இல்லை. ஏதாவது வரட்டும் என்ற மனநிலை அங்கேதான் பிறக்கிறது. நான் பயப்படுவது அந்த ‘ஏதாவது’வைக் கண்டு.

ஹார்டினுக்கு ஒரு நகரமன்றம் இருந்தது. தப்பான தீர்மானத்தையும் ஊர் முன்னால்தான் போட்டார்கள்; எதிர்ப்பவர்கள் பெயர் சொல்லித் திட்டலாம், அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள்தான் பார்க்கிறார்கள். இந்த நிலையில் நாளைக்கு ஒரு நிறுவனம் வந்து, நிலம் தாருங்கள், வருமானத்துக்கு உத்தரவாதம் தாருங்கள் என்று கேட்டால், சேதராப்பட்டுக்காரர் எந்த மன்றத்தில் எழுந்து நின்று ஒப்பந்த நகலைக் கேட்பார்? மேடையிலும் அவையிலும் அரசியல் கட்சிகளைச் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். உள்ளாட்சித் தேர்தல் தேதி எப்போது வரும் என்று உங்களைத்தான் கேட்கிறேன்.